ஊத்துக்குளி ரோட்டுக் குளிர்

திருப்பூரில் குளிரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கிள்ளானிலிருந்து கிளம்பியபோது பெட்டியில் பருத்திச் சுரிதார்களும் வெயிலுக்கு ஒரு குடையும் வைத்திருந்தேன். "அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்" என்று வழியனுப்ப வந்த எல்லோரும் சொன்னார்கள். அவர்களில் ஒருவர்கூட மார்கழி விடிகாலையில் அந்த ஊரில் ஸ்கூட்டர் ஓட்டியவர் இல்லை. மலேசியாவில் பிறந்து வளர்ந்த எனக்குக் குளிர் என்றால் கேமரன் மலை, அதை விட்டால் வங்கியின் ஏர்கண்டிஷன். இரண்டிலிருந்தும் வேண்டும்போது வெளியே வந்துவிடலாம்.

முதல் நாள் நான் தங்கியிருந்த அனுப்பர்பாளையத்திலிருந்து கிளம்பி, நகரத்தைக் கடந்து ஊத்துக்குளி ரோட்டில் திரும்பினேன். இரண்டு பக்கமும் வயல்வெளி திறந்துகொண்டதும் காற்று என்னைப் பிடித்தது. கழுத்து வழியாக நுழைந்து இடுப்பு வரை போய் அங்கேயே குடியேறிவிட்டது. விரல்கள் பிரேக்கைப் பிடித்திருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்படிக் குனிந்த நேரத்தில், சாலையோரம் கிடந்த ஒரு மூட்டையின் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன். நல்லவேளை, பனியன் கம்பெனியின் வெட்டுத்துணி மூட்டை. மெத்தையில் விழுந்த மாதிரி விழுந்தேன். பால் கேன்களோடு வந்த ஒருவர் வண்டியை நிறுத்தித் தூக்கிவிட்டார்.

"அடி கிடி பட்டுருச்சுங்களா அம்மிணி? இந்தப் பனியில தலைக்கு ஒண்ணும் கட்டாம யாருங்க வருவாங்க?"

யார் வருவார்கள்? வெப்பநிலையைக் கேள்விப்பட்டு ஏமாந்தவர்கள் வருவார்கள். பதினெட்டு டிகிரி என்று பேப்பரில் போட்டிருந்தான். பதினெட்டு டிகிரி என்பது நின்றுகொண்டிருக்கிறவனுக்கு. ஸ்கூட்டர் ஓட்டுகிறவளுக்கு அது வேறு கணக்கு.

நான் வேலை பார்ப்பது கிள்ளானில் சீருடை விற்கும் ஒரு கம்பெனியில். நாளெல்லாம் மோட்டார் சைக்கிளில் அலையும் காவலாளிகளுக்கும் பட்டுவாடாக்காரர்களுக்கும் ஜாக்கெட் வேண்டும் என்று ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வெளியே காற்றுப் புகாத துணி, உள்ளே பொசுபொசுவென்று கம்பளி மாதிரிப் பனியன் துணி. அதைத் திருப்பூரில் தைக்கக் கொடுத்துவிட்டு, ஒழுங்காகத் தைக்கிறார்களா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். வண்டியில் போகிறவனுக்குக் குளிரக் கூடாது என்பதற்காகத் தைக்கும் இடத்துக்கு நான் நடுங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

திருப்பூர்க் கம்பெனி முதலாளியை முதல் வாரம் நல்ல மனிதர் என்று நினைத்தேன். என்னை அழைத்துவரக் கார் இருந்தது, டிரைவர்தான் இல்லை.

"ஏனுங்க அம்மிணி, டிரைவர் ஊருக்குப் போயிருக்கறானுங்க. ரெண்டு நாளைக்கு நம்ம ஸ்கூட்டியில வந்துருங்க. அப்பறம் கார் அனுப்பிச்சுர்றனுங்க."

கார் கடைசிவரை வரவில்லை. அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இளநீர் வந்தது. மதியம் அவர் வீட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சாதம் வந்தது, மேலே ஊத்துக்குளி நெய் குளம் கட்டி நின்றது. அப்படி ஒரு நெய்யை நான் எங்கள் ஊரில் தின்றதில்லை. தின்றுவிட்டுக் காரைப் பற்றி இரண்டாவது தடவை கேட்க வாய் வராது. அந்த ஊர் மரியாதையின் வேலையே அதுதான் என்று பிறகு புரிந்தது.

எனக்கு வழிகாட்ட ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டிருந்தார். பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். தைத்துவரும் ஜாக்கெட்டுகளில் நூல் பிசிறு வெட்டிக் குறை பார்க்கும் செக்கிங் வேலை. நான் தங்கியிருந்த மாடிவீட்டுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்றில் இன்னும் சில பெண்களோடு இருந்தாள். புருஷனும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். அந்தத் தெருவில் பாத்திரம் அடிக்கும் சத்தம் தொடங்குவதற்கு முன்பே அவள் என் ஸ்கூட்டி பக்கத்தில் வந்து நிற்பாள்.

இரண்டாம் நாள் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம். டீக்கடையில் நிறுத்திக் கேட்டேன்.

"பேப்பருக்கா. நெஞ்சுல ஒண்ணு, முதுகுல ஒண்ணு வச்சிருக்கேன். காத்து உள்ள ஏறாதுல்லா."

ரவிக்கைக்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, காதில் வெட்டுத்துணிப் பந்து, தலையில் பழைய பனியனைக் கட்டி முகத்தை மூடியிருந்தாள். பேசும்போது இடையிடையே மூச்சை ஒரு தடவை சேர்த்து இழுத்தாள். முதலில் குளிர் என்று நினைத்தேன். இழுப்பு என்று அவளே சொன்னாள். திருப்பூருக்கு வந்த பிறகு பஞ்சுத் தூசியில் பிடித்ததாம். பனிக்காற்று நெஞ்சில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வருஷம்வரை பெண்களுக்குக் கம்பெனி வேன் இருந்ததாம். இந்த வருஷம் நிறுத்திவிட்டார்கள். அவசர ஆர்டர் என்று ஷிப்டை மட்டும் விடிகாலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த அவசர ஆர்டர் எங்களுடையது.

அன்றே முதலாளியிடம் வேனைப் பற்றிக் கேட்டேன்.

"பண்ணிரலாமுங்க. பொங்கலு கழியட்டுங்க, வேன் போட்டறலாமுங்க" என்றார். இளநீர் வந்தது.

அயர்ன் போடும் இடத்தில் பீகார்க்காரர் ஒருவர் இருந்தார். அந்தக் கட்டடத்தில் கதகதப்பான இடம் அவருடைய மேஜைதான், காலையில் போனதும் எல்லோரும் அங்கே போய்க் கையைக் காட்டுவோம். அவர் எங்களைப் பார்த்து இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று பேச்சியிடம் கேட்டேன், அவளுக்கு அரைகுறையாக இந்தி வந்திருந்தது. "எங்கள் ஊரில் இதற்குப் பேர் குளிரே இல்லை. ஆனால் எங்கள் ஊர்க் குளிரில் யாரும் இந்த நேரத்துக்கு வண்டியில் ஏறமாட்டார்கள், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்" என்றாராம். எனக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது.

தைத்து முடித்த முதல் ஜாக்கெட்டை மாதிரிக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு வந்ததும் பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத்தான் மாட்டுவார்கள். முதுகுத்துணி நெஞ்சை மூடும், ஜிப் முதுகில் திறந்து கிடக்கும். நெஞ்சில் ஜிப் இல்லாததால் அந்த இடுக்கு வழியாகக் காற்று நுழையாது. இறங்கும்போது உருவிப் போட்டுவிடலாம். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி, அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"எக்கா, பிள்ளைக்குச் சட்டைய மாத்திப் போட்டு விட்ட மாதிரி இருக்கு."

டீக்கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கேட்டிலிருந்த வாட்ச்மேன் பெரியவர், "சாமி, ஜாக்கெட்டு திரும்பிக் கெடக்குதுங்க" என்று மெதுவாக என் பக்கம் வந்து சொன்னார். சிரித்தால் சிரிக்கட்டும். அந்த ஊருக்கு வந்த பிறகு முதல் தடவையாக என் நெஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பும்போது பேச்சியைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். மறுத்தாள். நான் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குக் காற்றே படுவதில்லையாம், என் முதுகே போதுமாம். என் முதுகைப் பற்றி அதுவரை யாரும் நல்லதாகச் சொன்னதில்லை.

அந்த வாரம் ஜிப் கோளாறு வந்தது. ஒரு பகுதி ஜாக்கெட்டுகளில் ஜிப் நேராக நிற்காமல் நெளிந்தது. போடலாம், மாட்டலாம், ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் பார்வைக்கு அசிங்கம். விதி என்னவென்றால், நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதை என் கண் முன்னால் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்ட வேண்டும். வெளியே விற்றுவிடக் கூடாதே. வெட்டும் வேலை செக்கிங் பெண்களுக்கு. பேப்பரை நெஞ்சில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து புத்தம்புது ஜாக்கெட்டுகளை வெட்டத் தயாரானார்கள்.

நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குப் போன் போட்டேன். எங்கள் முதலாளி சீனர், சுருக்கமாகப் பேசுகிறவர். "எங்கள் பெயர் போட்ட லேபிளை அறுத்துவிட்டு, அந்த ஜாக்கெட்டில் வேலை பார்த்த பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடு. மிச்சத்தை வெட்டு" என்றார். அவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியும் தன் அளவுக்குப் போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டாள். பேச்சி மட்டும் தனக்குப் பெரிய அளவாகக் கேட்டாள். உள்ளே இன்னும் இரண்டு சட்டை போட்டுக்கொள்வாள் என்று நினைத்து நானே எடுத்துக் கொடுத்தேன். பிறகு மிச்சத்தை வெட்டினார்கள்.

அன்றிரவு நல்ல தூக்கம். நாடு விட்டு நாடு வந்து உருப்படியாக ஒன்று செய்துவிட்டதாக ஒரு நிறைவு.

மறுநாள் காலை ஸ்கூட்டி பக்கத்தில் அதே ஆண்பிள்ளைச் சட்டை, அதே சரசர. கம்பெனி வாசலில் மொபெட்டிலிருந்து இறங்கிய மற்ற பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி மேலேயும் ஜாக்கெட் இல்லை.

கேட்டால் கேட்டைக் காட்டினார்கள். கம்பெனி தைக்கும் துணியைப் போட்டுக்கொண்டு யாரும் உள்ளே வரக் கூடாது. வெளியே போகும்போது அது கொண்டுவந்ததா, எடுத்துக்கொண்டு போவதா என்று எப்படித் தெரியும்? திருட்டுப்பட்டம் கட்டி வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயம். நியாயமான பயம். நான் நேராக முதலாளி அறைக்குப் போய், கொடுத்தது நாங்கள் என்று வாட்ச்மேனிடம் சொல்லச் சொன்னேன். இந்தத் தடவை இளநீரைக் கையாலேயே ஒதுக்கிவிட்டேன். அவர் கேட்டுக்கு வந்து, "ஜாக்கெட்டு நம்ம குடுத்ததுங்க, யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

மறுநாளும் சரசர.

ஊத்துக்குளி ரோட்டில் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான்.

"ஜாக்கெட் எங்கே?"

பேச்சி கீழே பார்த்தாள். "ஊருக்குக் குடுத்து விட்டுட்டேன்க்கா."

"யாருக்கு?"

"அவுகளுக்குத்தான். எங்க ஊர்க்காரங்க பஸ்ல போனாக. பொங்கலுக்குப் புதுசு எடுக்கணும்லா. அந்த மாதிரித் துணி எங்க ஊர்ல எவன் போட்டிருக்கான்? நீங்களே சொல்லுங்க."

"அங்கே குளிருமா?"

"ராவுல தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போவாக. பனி இருக்கும்லா" என்றாள். சொல்லும்போதே அவளுக்கே அது ஒரு காரணமாகப் படவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அவள் மட்டுமில்லை. ஒருத்தி அண்ணனுக்கு, ஒருத்தி மாமனாருக்கு, ஒருத்தி நிச்சயம் பண்ணியிருக்கும் மாப்பிள்ளைக்கு என்று எல்லா ஜாக்கெட்டும் தெற்கே போய்விட்டன, அல்லது போவதற்காக டிரங்குப் பெட்டிக்குள் மடித்துக் கிடந்தன. புதிதாக ஒன்று கைக்கு வந்தால் அதை வேலைக்குப் போட்டுக்கொண்டு போவதாவது! வேலைக்குப் பழசு, ஊருக்குப் புதுசு. அதிலும் பொங்கல் வரும்போது பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் வெறுங்கையோடு போய் நின்றால் ஊர் என்ன சொல்லும்? இதையெல்லாம் அவள் எனக்குச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

எனக்கு வந்த கோபம் இப்போது நினைத்தாலும் குறையவில்லை. அந்த நடுரோட்டில் கத்தினேன். இழுப்பு உனக்கா உன் புருஷனுக்கா என்று கேட்டேன். நீ விழுந்து கிடந்தால் அந்த ஜாக்கெட்டை விற்று வைத்தியம் பார்ப்பானா என்றுகூடக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "நேரமாவுதுக்கா, கேட்டை அடைச்சிருவான்" என்றாள். வண்டியை எடுத்தேன். போகிற வழியெல்லாம் எனக்குள் பேசிக்கொண்டே போனேன். பின்னால் காகிதம் சரசரத்துக்கொண்டே வந்தது.

அடுத்த நாள் நான் வெள்ளகோவிலுக்குப் போக வேண்டியிருந்தது. ஜாக்கெட்டின் பாக்கெட்டுக்கு வைக்கும் துணி அங்கே விசைத்தறியில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் போய் இரவு தங்கி வருவதாகத் திட்டம். பேச்சிக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும் என்பதால் சாவியை அவளிடமே கொடுத்தேன். பெண்கள் மொபெட்டில் மூன்று பேராகத் தொற்றிக்கொண்டு போவதற்கு இது நல்லதுதானே. கூடவே என் ஜாக்கெட்டையும் கழற்றிக் கொடுத்தேன்.

"முன்பின்னாக மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். யார் சிரித்தாலும் சரி."

"சரிக்கா" என்றாள்.

வெள்ளகோவிலில் தறிச் சத்தத்தில் ஒருவரோடு ஒருவர் கையால்தான் பேசிக்கொள்ள முடிந்தது. துணி நன்றாக இருந்தது. தறிக்காரர் வீட்டில் கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார்கள். அந்தப் பயணத்திலேயே நான் யார் மேலும் கோபப்படாத ஒரே நாள் அது.

திரும்பிவந்து நேராகக் கம்பெனிக்குப் போனேன். பேச்சியின் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க அம்மிணி. காலையில வண்டியில வந்து எறங்குனதும் கொஞ்சம் மூச்சு வாங்கிருச்சுங்க. பெரியாஸ்பத்திரியில சேத்தியாச்சுங்க. ஊட்டுக்காரருக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டமுங்க."

"வேன் விட்டிருக்கலாமே" என்றேன்.

"ஆமாங்க" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவரோடு மேற்கொண்டு சண்டை போடக்கூட முடியவில்லை. சண்டைக்கு எதிர்ப்பேச்சு வேண்டாமா?

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வரிசை வீட்டுக்குள் நுழைந்து பார்த்தேன். என் ஜாக்கெட் ஆணியில் தொங்கியது, அதன் மேல் தூசி படாமல் ஒரு பாலிதீன் கவர் மாட்டியிருந்தது. அது கம்பெனியின் மாதிரி ஜாக்கெட், அழுக்கானால் அக்காவைக் கேள்வி கேட்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கூட இருந்த பெண் சொன்னாள். அவள் அதைப் போடமாட்டாள், முன்னால் உட்கார்ந்து ஓட்டும்போது காற்றை மறைக்க என் முதுகும் இருக்காது என்பது சாவியைக் கொடுத்த எனக்குத் தோன்றவில்லை. ஒற்றைப் பேப்பரை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் அவள்தான் காற்றைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

பெண்கள் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். பேச்சி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க், அதற்குள் புகை மாதிரி மருந்து. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கின. பயந்துவிட்டேன். நர்ஸ், இப்போது பரவாயில்லை, கொண்டுவந்தபோது உதடு நீலமாக இருந்தது என்றாள். இனிமேல் பனியில் வண்டி ஓட்டினால் இங்கே கொண்டுவர வேண்டிய அவசியமே இருக்காது என்றும் சொன்னாள். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் அவள் புருஷன் வந்தார். ஒல்லியான மனிதர். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பார் போலிருக்கிறது, கால் தள்ளாடியது. வெளியே நல்ல வெயில். வார்டில் புழுக்கம். அவர் உடம்பில் அந்த ஜாக்கெட், ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றியிருந்தார். நெற்றியிலிருந்து வியர்வை தாடையில் இறங்கிச் சொட்டியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் போட்டிருப்பது இவளுக்கு நான் கொடுத்தது. வண்டியில் வரும்போது நெஞ்சில் காற்றுப் படக் கூடாது என்று கொடுத்தது" என்றேன்.

அவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். "எனக்குன்னு சொல்லி கம்பெனியில குடுத்தாகன்னு சொன்னியே" என்றார். பிறகு ஜிப்பைப் பிடித்துக் கீழே இழுத்தார். நெளிந்த ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. அந்தப் பாதிக்குள் அவருடைய சட்டை தெரிந்தது. போன் வந்ததும் தோட்டத்திலிருந்து அப்படியே கிளம்பியிருக்கிறார். தோளிலிருந்து மார்புவரை கிழிந்து, பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது.

பேச்சி மாஸ்கை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"கழட்டாதீக" என்றாள். மூச்சு போதவில்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்த வார்த்தை வந்தது. "ஆளுக இருக்காக."

கையை நீட்டி அந்த ஜிப்பைத் தானே பிடித்து, நெளிந்த இடத்தில் ஒரு ஆட்டு ஆட்டி விடுவித்து, மறுபடியும் அவர் கழுத்துவரை ஏற்றிவிட்டாள். செக்கிங் வேலை பார்க்கும் கை அல்லவா, காலர் மடிப்பையும் சரி செய்துவிட்டது. அவர் குழந்தை மாதிரிக் குனிந்து நின்றார். முகமெல்லாம் வியர்வை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஸ்டாண்டு ஃபேன் இருந்தது.

"எக்கா, அந்தக் காத்த அவுக பக்கம் கொஞ்சம் திருப்பி விடுங்க" என்றாள்.

திருப்பிவிட்டேன்.